கம்பளிக்குப் பின்னால் பாடியவர்

ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளில் நான்கு பேருடைய பெயர்கள் அச்சாகியிருந்தன. கிதார், இன்னொரு கிதார், ஆர்கன், டிரம்ஸ். பாடியவரின் பெயர் மட்டும் இல்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு கோப்பு மேசைக்கு வந்திருந்தால், கையெழுத்தில்லாத குறிப்பைப் பரிசீலிக்க இயலாது என்று எழுதிக் கீழே அனுப்பியிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கீழே யாரும் இல்லை. ஆகவே நானே வைத்துக்கொண்டேன்.

பக்கத்துக்கு ஒரு பாட்டாக இரண்டே பாட்டுகள் கொண்ட சின்ன ரெக்கார்டு. டில்லி ஜும்மா மசூதிக்குப் பக்கத்தில், ஊசி இல்லாத கிராமபோன்களுக்கும் ஊசி மட்டும் இருந்த கிராமபோன்களுக்கும் நடுவில் கிடைத்தது. கடைக்காரர் அதைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். நான் டில்லிக்கு வேலைக்கு வந்த புதிதில் கன்னாட் பிளேஸ் ஓட்டல்களில் மாலை நேரத்தில் பாண்டு வாசிப்பார்கள். ஒரு கோல்டு காபியை வைத்துக்கொண்டு, பரிமாறுபவர் மூன்றாம் முறை முறைக்கும் வரை உட்கார்ந்திருக்கலாம். அங்கேதான் சோல் இசையைக் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் கடவுளை நோக்கிக் கெஞ்சிய அதே தொண்டையில் காதலியை நோக்கிக் கெஞ்ச ஆரம்பித்தபோது பிறந்த இசை. அதைக் கேட்டுக் கேட்டு டில்லிப் பையன்களும் பாடினார்கள். கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், ஷில்லாங்கிலிருந்து வந்தவர்கள். சிலர் கைக்காசைப் போட்டு ஒரே ஒரு ரெக்கார்டு வெளியிட்டார்கள். வாங்க ஆளில்லாமல் பாண்டு கலைந்துபோகும். இப்போது அந்த ரெக்கார்டுகளைத் தேடி வெளிநாட்டில் ஒரு கூட்டம் அலைகிறது. அவர்களுக்கு இந்தியாவில் விசாரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். விசாரணை எனக்குத் தெரிந்த வேலை. ஒவ்வொரு பாண்டுக்கும் ஒரு கோப்பு திறந்தேன். வலது பக்கம் கடிதப் போக்குவரத்து, இடது பக்கம் குறிப்புகள். வீட்டில் இதை வியாதி என்று யாரும் கருதவில்லை. வியாதியென்றால் அரசு மருந்தகத்தில் மாத்திரை கொடுத்திருப்பார்கள் என்பது அவர்கள் வாதம்.

அந்த மஞ்சள் ரெக்கார்டைப் பற்றி இங்கிலாந்திலிருந்து ஒருவர் எழுதினார். பழைய ரெக்கார்டுகளை மறுபடி வெளியிடுவது அவர் தொழில். அவரிடமும் ஒரு பிரதி இருந்தது. அந்தப் பாட்டைப் பற்றி இரண்டு விஷயங்கள் வெளிநாட்டு ரசிகர்களிடையே பேசப்பட்டு வந்தன. ஒன்று, பாடும் பெண்குரல். உச்சிக்குப் போய் அங்கேயே சற்று நின்றுவிட்டு இறங்கும் குரல். பாண்டுத் தலைவருக்கு ஒரு தங்கை இருந்தார், அவர்தான் பாடியிருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். தலைவரும் தங்கையும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டதால் அவர்களைக் கேட்க வழி இல்லை. இரண்டாவது, பாட்டின் அடியில் கேட்கும் ஒரு மந்தமான 'டப்' சத்தம். அது சீராக விழாது. ஒன்று விழும். நீண்ட இடைவெளி. பிறகு அடுத்தடுத்து இரண்டு. மறுபடி ஒன்று. இந்த நொண்டித் தாளத்தைப் பற்றி ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து எப்படியோ டில்லிக்கு வந்து சேர்ந்த ஏதோ ஒரு நினைவு அது என்பது அவருடைய கருத்து.

இங்கிலாந்துக்காரர் என்னிடம் கேட்டது எளிமையானது. புதிய ரெக்கார்டின் அட்டை அச்சுக்குப் போகப் போகிறது. அதில் தங்கையின் புகைப்படத்தையும் பெயரையும் போடலாமா? ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு உடனே சொல்லவும்.

ஆட்சேபம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டிரம்ஸ் வாசித்தவரிடம் போனேன். நால்வரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். பெரம்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். ஜங்புராவில் ஒரு மாடி அறையில் இருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டார்.

"தங்கச்சியா? அது டம்போரின் கூட ஒழுங்கா ஆட்டாது மேன். பாடுனது சுவாமி."

"சுவாமி என்றால் ஆணா?"

"பின்ன? மீசை கூட இருந்துச்சு. ஆனா வாயத் தொறந்தா அவனோட அக்கா உள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கும்."

ஆண்கள் பொய்க்குரலில் உச்சத்தில் பாடுவது சோல் இசையில் வழக்கமானதுதான். எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். சுவாமியின் முழுப்பெயரைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஒரு தபா சொன்னான். இந்த ஸ்டேஷன்ல ஆரம்பிச்சா அடுத்த ஸ்டேஷன்லதான் முடியும். ஏதோ அக்கவுண்ட்ஸ் ஆபீஸ். கடைசி பாட்டு முடியறதுக்கு முன்னாடியே லக்ஷ்மிபாய் நகர் பஸ்ஸுக்கு ஓடுவான். ஓட்டல்ல எங்களுக்கு டின்னர் ஃப்ரீ. அவன் சைவம். அவன் சிக்கனையும் நான்தான் சாப்டுவேன். நல்ல பையன்."

"ரெக்கார்டில் ஏன் பெயர் இல்லை?"

"கவர்மெண்ட் ஆளாச்சே. பேரு போட்டா மெமோ குடுப்பாங்கன்னு பயந்துட்டான்."

இந்த இடத்தில் நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன். எப்போதாவது செய்யும் கலைப் பணிக்கு அரசு ஊழியர் முன் அனுமதி பெற வேண்டியதில்லை என்று நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அலமாரியில் விதிப் புத்தகம் இருந்திருக்கும். ஆனால் கணக்கு அலுவலகத்தில் யாரும் விதியைப் படிப்பதில்லை, பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார்கள். பக்கத்து மேசைக்காரர் எதைக் கேட்டாலும் கூடாது என்பார். அவர் சொல்வதுதான் விதி. இவ்வளவு நீண்ட பெயர் கொண்ட ஒரு மனிதர் பெயரே இல்லாமல் போனது இப்படித்தான்.

"அந்த டப் டப் சத்தம் நீங்கள் வாசித்ததாக இங்கிலாந்துக்காரரிடம் சொன்னீர்களாமே?"

அவர் கூரையைப் பார்த்தார். "நான் வாசிக்கல. அந்தச் சத்தத்துக்காக அன்னிக்கி ரெக்கார்டிங் ஆளு என்னைத்தான் திட்டுனான். பெரிய டிரம்மோட பெடல்லருந்து காலை எடு, காலை எடுன்னு. நான் காலைத் தூக்கி ஸ்டூல் மேலயே வெச்சிக்கினேன். அப்பவும் டப்."

"பிறகு ஏன் உங்களுடையது என்றீர்கள்?"

"அவன் ஃபோன் பண்ணான். பாடுனது யாருன்னு கேக்கல, அந்தத் தாளம் பிரமாதம்னான். பிரமாதம்னு ஒருத்தன் சொல்லும்போது, நான் இல்ல மேன்னு சொல்றதுக்கு எனக்கு என்ன பைத்தியமா?"

பதிவு நடந்த விதத்தையும் சொன்னார். இருந்தது ஒரே அறை. டிரம்ஸ் ஓசை பாட்டுக்குள் கலக்காமலிருக்க நடுவில் கயிறு கட்டி ராணுவக் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். சுவாமி அதற்குப் பின்னால். நின்றால் பாட்டு வராது என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மைக்கை அவருடைய மார்பு உயரத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. அவர் கம்பளிக்குப் பின்னால் என்ன செய்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுக் கேட்டேன். சம்மணம் என்ற சொல் காதிலேயே நின்றது. டில்லியில் ஆயுள் முழுவதும் அரசு வேலை பார்த்த தமிழன் எவ்வளவுதான் ஒதுங்கினாலும் ஆண்டுக்குச் சில கச்சேரிகளிலிருந்து தப்ப முடியாது. நானும் உட்கார்ந்திருக்கிறேன். தொடையில் ஓர் அடி. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அவை சத்தமில்லாதவை. மறுபடி ஓர் அடி, கையை மல்லாத்திக் காற்றில் ஒரு வீச்சு. மறுபடி ஓர் அடி, ஒரு வீச்சு. ஆதி தாளம். ஒன்று, நீண்ட இடைவெளி, பிறகு அடுத்தடுத்து இரண்டு. அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது ஒன்றுமில்லை. தாளம் போடாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று சிறு வயதில் யாரோ அடித்துச் சொல்லிக் கொடுத்த ஒருவர், காதலியிடம் ஆங்கிலத்தில் கெஞ்சும்போதும் தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறார். மைக் மார்புக்கு நேரே இருந்ததால் அதுவும் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிட்டது.

கண்டுபிடித்த பெருமிதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நீடித்தது. தென் டில்லியில் ஒரு பஜனைக்குப் போனேன். தொடையில் தட்டிக்கொண்டு பாடும் கிழவர் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பது திட்டம். கூடத்தில் அத்தனை பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நவம்பர் வந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாம் இன்னும் சாகவில்லை என்று வங்கியில் வந்து நிரூபிக்கும் மாதம். இப்போது கைபேசியிலேயே செய்யலாம். ஆனாலும் எங்கள் தலைமுறை நேரில்தான் வரும். இன்னும் சாகாத மற்றவர்கள் யார் என்று பார்த்துக்கொள்வதில் ஓர் ஆவல். வரிசையில் எனக்கு முன்னால் பழைய சகா ஒருவர் நின்றார். அந்த லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் பல ஆண்டுகள் இருந்தவர். அந்தக் காலத்தில் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த, மாலையில் ஓட்டலில் பாடிய யாரையாவது தெரியுமா என்று கேட்டேன்.

"பாடினவர் யாரையும் தெரியாது. பாடினேன்னு சொல்லிக்கிட்டுத் திரியற ஒருத்தரைத் தெரியும். திருநெல்வேலிக்காரர். இங்கிலீஷ் பாட்டு, பிளேட்டெல்லாம் போட்டேன்பார். நாங்க அச்சா, அச்சான்னு கேட்டுப்போம். ஏன்யா, அவர் உங்ககிட்டயும் ஆரம்பிச்சுட்டாரா?"

இப்போது எங்கே இருக்கிறார் என்று அவரே சொன்னார். மகளுக்கு அரசாங்க வேலை. கிட்வாய் நகரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மகளுக்கு ஒதுக்கிய வீட்டில் மனைவியோடு இருக்கிறார்.

போனேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். மீசை இல்லை. நான் ரெக்கார்டைப் பையிலிருந்து எடுத்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மஞ்சள் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு சார். குவார்ட்டர்ஸ் மாறுதப்ப பீரோக்கு அடியில மாட்டி ரெண்டா போச்சு. அதோட சரி. ஆபீஸ்ல சொன்னேன், சிரிச்சானுவ. மருமவன்கிட்ட சொன்னேன், அவரும் சிரிச்சாரு. வீட்டுல சிரிக்கக்கூட மாட்டேங்கா."

உள்ளேயிருந்து அவர் மனைவி காபியோடு வந்தார். "பாட்டுக் கதையா? சாருட்டயும் சொல்லியாச்சா? இவிய ஒரு தாலாட்டுப் பாடி நான் கேட்டதில்ல சார். புள்ள அழுதா தூக்கி எங்கிட்டதான் தருவாவ."

நான் இங்கிலாந்துக் கடிதத்தின் சாரத்தைச் சொன்னேன். பாட்டு மறுபடி வெளிவரப் போகிறது. பாடியது பாண்டுத் தலைவரின் தங்கை என்று அட்டையில் வரும். இல்லை, இவர்தான் என்றால் ஆதாரம் வேண்டும். டிரம்ஸ்காரரின் வார்த்தையை அவர்கள் ஏற்கமாட்டார்கள். அவர் ஏற்கெனவே ஒரு விஷயத்தில் வாய் தவறியிருக்கிறார். மேலும் அவருக்குப் பெயரும் தெரியாது. அங்கேயே என் கைபேசியில் இந்த வீட்டுக்காரரைப் படமெடுத்து டிரம்ஸ்காரருக்கு அனுப்பிக் கேட்டபோது, வயதான பிறகு எல்லா சுவாமியும் இப்படித்தான் இருப்பார்கள் என்று பதில் வந்தது. தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் சான்று எந்த அலுவலகத்திலும் செல்லாது என்பதையும் சொன்னேன். அவரும் அரசு ஊழியராக இருந்தவர்தான். தலையசைத்தார்.

"அப்பம் அந்தப் பொண்ணு பேருதான் வரும்," என்றார்.

"ஆதாரம் இல்லையென்றால் அப்படித்தான்."

கையோடு கொண்டுபோயிருந்த சிறிய பிளேயரில் ரெக்கார்டை வைத்தேன். அந்த அம்மாள் காபித் தம்ளரை நகர்த்திவிட்டுக் கேட்டார். முதல் வரி முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

"இது பொம்பளை."

"நான்தான்டி."

"சும்மா இருங்க. எனக்குக் காது இருக்கு."

கணவர் எழுந்து, பாட்டோடு சேர்ந்து அந்த உச்சியைப் பிடிக்கப் பார்த்தார். பாதி வழியில் குரல் உடைந்து இருமலாக முடிந்தது. அந்த அம்மாள் தண்ணீர் எடுத்து வந்தார். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "விட்டுருங்க சார். அந்தப் பொண்ணு பேரே இருக்கட்டும். செத்தவளுக்காவது ஒரு பேரு."

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. ஆனால் தாளத்தைப் பற்றி நானே வாயைத் திறந்தால் சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். ஆகவே ஊசியைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தேன். பாட்டு ஓடியது. காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன அம்மாள் கதவருகில் நின்றுவிட்டார்.

"அது என்ன சத்தம்? யாரோ தட்டுதாவளே."

"எந்தச் சத்தம்?" என்றேன்.

"அந்தா. டப்புங்குல்லா. ஒண்ணு. இரிங்க. இந்தா, ரெண்டு. இந்தா மூணு. மூணாவதைப் பாத்தியளா, ஓங்கி விழுது." அவர் தம்ளர்களை வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சார், கல்யாணமானதுலருந்து இவியகூட கச்சேரிக்குப் போறேன். முதல் அடி, ரெண்டாவது அடி தெரியாது. மூணாவதைப் போட்டாவன்னா முன் வரிசைல இருக்கவுக திரும்பிப் பாப்பாவ. அந்த வெக்கத்துக்கு நான் கச்சேரி முடியுத வரைக்கும் இவிய மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன். இது இவிய கை."

நான் ஊசியை எடுத்துவிட்டு, கணவரைத் தாளம் மட்டும் போடச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. போட்டார். மூன்றாவது அடி தொடையில் பட்டென்று விழுந்தது. இன்னொரு சுற்றிலும் அப்படியே. ரெக்கார்டில் அந்த அடி கனமாக இருப்பதை நானும் பலமுறை கேட்டு, அச்சடித்ததில் உள்ள கோளாறு என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

"சின்ன வயசுல எங்க ஊரு ஓதுவாரு பிரம்ப வச்சுக்கிட்டு நிப்பாரு," என்றார் அவர். "மூணாவது அடி வாரதுக்குள்ள பாட்டுல முந்தி ஓடிருவேன்னு அடிப்பாரு. அதுல அழுத்திப் பழகிட்டு."

"அப்பம் நெசமாவே பாடியிருக்கிய," என்றார் அந்த அம்மாள். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை.

கணவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அரசு வேலையில் மனிதர்கள் நியாயம் கிடைத்து நிற்பதை மிகச் சில முறையே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

"சார், இன்னொரு தடவை போடுங்க," என்றார் அம்மாள்.

இந்த முறை அந்த அம்மாள் தாளத்தைக் கேட்கவில்லை. பாட்டைக் கேட்டார். பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு எட்டாத பாட்டு அல்ல. நீ திரும்பிப் பார்க்கும்வரை இந்த விளக்கடியிலேயே நிற்பேன், மழை வந்தாலும் நிற்பேன், நீ பார்க்காமல் போனாலும் நாளைக்கும் வந்து நிற்பேன். அவ்வளவுதான் விஷயம். அதைக் குரல் மேலே மேலே கொண்டுபோய், உச்சியில் கொஞ்சம் நடுங்கவிட்டு நிறுத்துகிறது. முடிந்ததும் அவர் கேட்டார்.

"யாரைப் பாத்துப் பாடுனிய?"

"யாரையும் இல்ல. பாட்டு பாண்டுக்காரன் எழுதினது. எனக்கு முன்னால ஒரு கம்பளி தொங்குச்சு. அதைப் பாத்துக்கிட்டுப் பாடுனேன்."

"கம்பளியைப் பாத்து யாரும் இப்பிடிப் பாட மாட்டாவ."

"கம்பளிதான்டி. சார்ட்ட கேளு."

கம்பளி இருந்ததற்கு டிரம்ஸ்காரரின் வாக்குமூலம் என்னிடம் இருந்தது. ஆனால் கேள்வி கம்பளி இருந்ததா என்பது அல்ல என்று எனக்கே தெரிந்தது. நான் பிளேயரின் ஒயரைச் சுற்றத் தொடங்கினேன். காலைவரை ஒரு பொய்யரோடு வாழ்ந்துகொண்டிருந்த பெண்மணி, இப்போது தனக்குத் தெரியாத ஓர் இளைஞனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டில் எது வசதி என்று சொல்ல முடியாது.

கணவர் என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், இவ்வளவு காலம் பேரில்லாம இருந்தாச்சு. இனிமே எதுக்கு? வேண்டாம்னு எழுதிருங்களேன்."

விண்ணப்பதாரர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற எப்போதும் உரிமை உண்டு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாள் வாசற்படியிலிருந்து தம்ளர்களை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"போடுங்க சார். முழுப் பேரும் போடுங்க. இனிஷியலோட போடுங்க."

மனைவியையும் என்னையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். இனிஷியல் என்ன என்று அவரிடம் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம்தான் கேட்டேன்.